கேஸ்காரரின் கோடை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் ஒரு ஆளுக்கும் தெரியாது. ஏசி மெக்கானிக், வீடு வீடாகப் போய்க் கேஸ் நிரப்புகிறவர், ஆகவே கேஸ்காரர். பிற்பாடு அவர் நிஜமாகவே ஒரு கேஸைத் தூக்கிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் அலைய நேர்ந்தபோது, பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும் என்று தெருவில் சிரித்தார்கள். வக்கீல் ஆபீசுக்கு முதல் தடவை போன் செய்து, "கேஸ் விஷயமா பேசணும்" என்று இவர் சொன்னதற்கு, எடுத்த அம்மாள், சிலிண்டர் நேற்றே வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த நாட்களில் அவர் சிரித்த விஷயம் அது ஒன்றுதான்.

ஆள் ஒல்லி. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, ஒரு சாண் அகலச் சிமென்ட் விளிம்பில் ஒரு காலும் இரும்புச் சட்டத்தில் ஒரு காலும் வைத்து, வயரைப் பல்லில் கடித்தபடி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுவார். உள்ளே போகாமலே, வெளியே ஓடும் கம்ப்ரஸரின் சத்தத்தை வைத்து அறை குளிர்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்லுவார். குளிர் போதும் என்றால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, காது இருந்தால் போதும் என்பார். வேலை முடிந்து பையைக் கட்டும்போது எல்லா வீட்டிலும் ஒரே வாசகம்: "கதவச் சாத்தியே வைங்க. கூலிங் போயிடும்." ஆளில்லாத அறையில் ஏசி ஓடுவதைப் பார்த்துவிட்டால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும், எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். இத்தனைக்கும் அவர் வீட்டில் ஏசி கிடையாது. ஒரு மின்விசிறி இருந்தது, அதுவும் சுற்றும்போது முனகும்.

கோடைதான் அவருக்குச் சோறு போட்டது. கோடைதான் அவர் குடும்பத்துக்கு உலையும் வைத்தது. வெயில் ஏற ஆரம்பித்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். குழந்தை எழுந்திருக்கும் முன் கிளம்புவார், அது தூங்கிய பிறகு வருவார். சீசன் முடிந்தால் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கும் ஷிப்ட் வேலை. ஒரு கோடையில் வெயில் தாங்காமல் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினாள். கேஸ்காரருக்கு அவள் அடித்த போன்கள் எல்லாம், யார் வீட்டுச் சோபாவிலோ அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் அடித்து அடித்து ஓய்ந்தன. அவர் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். பிரிந்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், இன்னும் எத்தனையோ இருந்தன. ஆனால் அன்று வார்டு வராந்தாவில் அவள் சொன்னது அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"கோடை வந்தா இந்தக் குழந்தைக்கு அப்பா கிடையாது."

சண்டை போட்டுக் களைத்த பிறகு, பேசிப் பிரிவது என்று முடிவானது. குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா வந்து பார்க்கட்டும் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. வக்கீல் எழுதி வந்த நகலில், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளும் "பள்ளி விடுமுறைகளில் சரிபாதியும்" தந்தைக்கு என்று இருந்தது. யோக்கியமான வாசகம். அதை அப்படியே விட்டிருந்தால் எனக்குச் சொல்லக் கதையே இருந்திருக்காது. கேஸ்காரர் விடவில்லை. பாதியும் வேண்டாம் கீதியும் வேண்டாம், கோடை விடுமுறை முழுவதும் எனக்கு, அந்த வார்த்தையையே போட்டு எழுதுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். பொதுவான வார்த்தைதான் காலத்துக்கும் நிற்கும், குறிப்பான வார்த்தை ஒருநாள் காலை வாரிவிடும் என்று வக்கீல் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். எதிர்ப் பெஞ்சில் இருந்த நர்ஸ் தலையை நிமிர்த்தி, "கோடையிலயா? நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குமேல் யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் அவர் இல்லை. "கோடை விடுமுறை முழுவதும் தந்தையிடம், ஏனைய விடுமுறைகள் தாயிடம்" என்று திருத்தி டைப் அடித்தார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், கோர்ட்டும் அதையே உத்தரவாக்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இவருக்கு வக்கீல் சொல்லியே இருந்தார்.

ஆனால் மனுஷனைக் குறை சொல்லிக்கொண்டே போகக்கூடாது. அந்த முதல் கோடையில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டூல் பையைப் பரண்மேல் ஏற்றினார். போன் அடித்தால் ஊரில் இல்லை என்றார். காலம் காலமாக அவரையே கூப்பிட்ட வீடுகள் வேறு மெக்கானிக்கைத் தேடிக்கொண்டன, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மகளுக்கு அவர் வைத்த பெயர் டீச்சர். நின்றால் நடந்தால் திருத்தம் சொல்லும் பெண். "புதன்கெழமை இல்லப்பா, வியாழக்கெழமை." "அது நீலம் இல்லப்பா, ஊதா." இருவரும் பின்கட்டில் ஒரு பழைய யூனிட்டைப் போட்டுக் கழற்றினார்கள். அவள் டார்ச் பிடித்தாள், அவர் ஸ்க்ரூவைக் கழற்றினார். அப்புறம் அவர் டார்ச் பிடித்தார், அவள் கழற்றினாள். மத்தியானம் தரையில் தண்ணீர் தெளித்து, அதில் பாயில்லாமல் படுத்துக்கொண்டார்கள். அவள் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. அவருடைய பீரோவுக்குள் அவள் கையை விட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று தலையாட்டி, ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி, "கதவச் சாத்தியே வைங்க. கூலிங் போயிடும்" என்பாள். அந்தக் குரலும் அந்தத் தலையாட்டலும் அச்சு அசல் அப்பா. கேஸ்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். "சிரிக்காதப்பா, நீதான் வீட்டுக்காரர்" என்று அதட்டுவாள். அப்போதெல்லாம் அவள் வாயில் அவருக்கு வா, போ, நீதான். பத்து வீட்டு வேலைக்கு அவரை ஏவியிருந்தாலும் செய்திருப்பார். அந்த ஒரு மாதம் தன்னைப்போல் ஒரு பணக்காரன் இல்லை என்றே அவர் நினைத்திருந்தார்.

மழை பிடித்த சமயம் நர்ஸுக்கு மலை மாநிலத்தில் வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி, குடியிருக்க வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ந்த ஊர். குழந்தைக்கு வலிப்பு பயம் இருக்காது. கமுக்கமாகக் கூட்டிக்கொண்டு போகிறவள் அல்ல அவள், முறைப்படி கோர்ட்டில் சொல்லி நோட்டீஸ் அனுப்பினாள். சனிக்கிழமைகள் எல்லாம் போய்விடுமே, ஆட்சேபம் சொல்லலாமா என்று வக்கீல் கேட்டார். கேஸ்காரர் ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்துவிட்டு வந்து, "குழந்தைக்கு நல்லதுன்னா போகட்டும் சார். எனக்குத்தான் கோடை இருக்கில்ல" என்றார். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கோடை வந்தது. டூல் பை பரணுக்குப் போனது. அறைக்கு வெள்ளையடித்து, மகளுக்கு என்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, எந்த ரயிலில் வருகிறாய் என்று கேட்கப் போன் செய்தார்.

"எனக்கு ஸ்கூல் இருக்கேப்பா" என்றாள் மகள்.

நர்ஸ் போனை வாங்கி, இங்கே கோடையில் லீவு விடமாட்டார்கள், பனி விழுகிற மாதங்களில்தான் நீண்ட லீவு என்று விளக்கினாள். கேஸ்காரர் நம்பவில்லை. எந்த ஊரிலாவது கோடையில் பள்ளிக்கூடம் வைப்பானா? வெயிலுக்குத்தானே லீவே? சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறாள் என்று முடிவு கட்டினார். சரி, அந்தக் குளிர் லீவிலாவது அனுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தன் கோடையை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று வீம்பு. அவளும் தானாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் இந்த விஷயத்தில் ஒரு குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

கேஸ் அப்படித் தொடங்கியது. உத்தரவு போட்ட கோர்ட் இங்கே, குழந்தை இருப்பது அங்கே. அதனால் நிறைவேற்ற வேண்டும் என்று மனு போட்டு, இந்தக் கோர்ட் அதை அந்த மாநிலத்துக் கோர்ட்டுக்கு அனுப்பி, அவர்கள் அதைப் பதிவு செய்து, அப்புறம்தான் நர்ஸுக்குச் சம்மன். வக்கீல் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேஸ்காரருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கேஸ் காகிதக் கட்டு போன இடம் தெரியவில்லை. ஒரு முத்திரை இல்லை என்று ஒருதரம் திரும்பி வந்தது. இன்னொரு தரம் நீதிபதி மாறிப்போனார். ஆமை புகுந்த வீடு மாதிரி அந்த வருஷம் எதுவும் விளங்கவில்லை.

ரயிலேறிப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வாயேன் என்று அவருடைய அக்கா போனில் சொல்லிச் சொல்லி அலுத்தாள். என் மகள் என் வீட்டுக்கு வரவேண்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, நான் எதற்கு அடுத்தவர் வாசலில் போய் நிற்கவேண்டும் என்பது இவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் இருந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிக்கிறியா, படிக்கிறேன். அங்க குளிரா, குளிர்தான். அதற்குமேல் பேச இருவரிடமும் எதுவும் இருக்காது. போனை வைத்த பிறகு யாரும் படுக்காத அந்தக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். மின்விசிறி முனகிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கோடை பிறந்த பிறகுதான் மலை மாநிலத்துக் கோர்ட்டில் வாய்தா கிடைத்தது. ரயில், அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் பஸ். கேஸ்காரருக்கு எந்த ஊருக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்தே நடக்கும் பழக்கம். எந்தச் சுவரில் எந்தப் பெட்டி, எது துருப்பிடித்திருக்கிறது, எது தண்ணீர் ஒழுகுகிறது என்று கண் தானாகப் போகும். அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்தார். ஒரு வீட்டுச் சுவரில்கூட ஒரு பெட்டி இல்லை. ஓட்டலில் இல்லை, பாங்கில் இல்லை, கோர்ட்டிலும் இல்லை. தெருத்தெருவாக வெறும் சுவர்கள். தனக்கு இந்த ஊரில் வேலையே இல்லை என்பது அப்போது அவருக்கு உறைத்தது. மகள் இருக்கும் ஊருக்குத் தான் கொண்டுவந்து கொடுக்க எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டே, மெல்லிய சட்டையில் நடுங்கியபடி கோர்ட் படியேறினார்.

நீதிபதி கண்டிப்பான அம்மாள், ஆனால் கடுமையில்லை. உத்தரவை இரண்டு தரம் படித்தார். பள்ளிக்கூடம் கொடுத்த சான்றையும் படித்தார். பிறகு வக்கீல்களை விட்டுவிட்டுக் கேஸ்காரரையே பார்த்துப் பேசினார்.

"எழுதியிருக்கிறத நிறைவேத்தத்தான் எனக்கு அதிகாரம். மாத்தி எழுதுறதுக்கு இல்ல. இதுல கோடை விடுமுறைன்னு இருக்கு. இந்த ஊர்ல கோடை விடுமுறைன்னு ஒண்ணு கிடையாது. இல்லாத ஒண்ண நான் யார்கிட்ட இருந்து வாங்கித் தர்றது, சொல்லுங்க?"

வார்த்தையை மாற்றவேண்டும் என்றால் முதலில் உத்தரவு போட்ட கோர்ட்டுக்கே போகவேண்டும் என்றார். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஒளித்து வைக்கவில்லை. கேஸ்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரியைத் தேடி இவ்வளவு தூரம் மலையேறி வந்தால், எதிரி தன் சட்டைக்குள்ளேயே இருந்தான். இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது போக இடமில்லாமல் போய்விட்டது. அது போனதும் மிச்சம் இருந்தது வெறும் அசதிதான்.

மத்தியான இடைவேளையில் நர்ஸ் தானாகவே மகளைக் கூட்டிவந்து வராந்தாவில் விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். பெண் நன்றாக வளர்ந்திருந்தாள். பள்ளிக்கூட ஸ்வெட்டர், சிவந்த கன்னம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள்.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

கேஸ்காரர் ஒருகணம் பின்னால் யாராவது பெரியவர்கள் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டார். தன்னைத்தான். வந்தீங்க, சாப்பிட்டீங்களா, குளிருதா உங்களுக்கு. போனில் இது எப்போது நுழைந்தது என்று அவருக்கு நினைவில்லை. சாப்பிட்டேன், படிக்கிறேன் என்ற பதில்களில் நீயும் இல்லை நீங்களும் இல்லை, அதனால் தெரியாமல் போய்விட்டது. மரியாதை நல்லதுதான். யார் பிள்ளை அப்பாவை மரியாதையாகப் பேசினாலும் ஊர் மெச்சும். கேஸ்காரருக்கு மட்டும் அந்த 'ங்க' ஒவ்வொரு தரமும் எங்கோ போய்த் தைத்தது. என்றோ ஒருநாள் வருகிற விருந்தாளிக்குத்தான் இவ்வளவு உபசாரம் கிடைக்கும்.

இங்கே கோடை எப்படி என்று கேட்டார், பேச வேறு எதுவும் அகப்படாமல். அவள் யோசித்துத் திருத்தம் சொன்னாள். "கோடைன்னு இங்க யாரும் சொல்லமாட்டாங்க. வெயில் நாள்னு சொல்வாங்க. வெயில் வந்தா எல்லாரும் சந்தோஷமா வெளிய போய் உக்காந்துக்குவோம்." டீச்சர் இன்னும் டீச்சர்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்கு நர்ஸ் வந்தாள். ஒரு பழைய சால்வையைக் கொடுத்து, போர்த்திக்கொள்ளச் சொன்னாள். கேஸ்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். வீம்புக்கு அங்கே குளிர் இடம் கொடுக்கவில்லை.

"நான் வேணும்னு தராம இருக்கல" என்றாள். "வருஷம் பூரா ஷிப்ட். அந்தக் குளிர் லீவுலதான் எனக்கும் அவ கிடைக்கிறா. நீங்க அங்க மனு போடுங்க. பாதி லீவு அனுப்புறேன்னு நான் எழுதித் தர்றேன்."

"பாதியா" என்றார் இவர்.

"பாதிதான். அன்னிக்கு வக்கீல் முதல்ல எழுதினதும் அதத்தானே?"

சுற்றிச் சுற்றி வந்து அந்த முதல் நகலிலேயே நின்றாகிவிட்டது. பஸ் கிளம்பியபோது அவள் கைகாட்டவில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஊருக்கு வந்து மனு போட்டார். "கோடை விடுமுறை முழுவதும்" என்பதை அடித்து, "நீண்ட விடுமுறையில் சரிபாதி" என்று கோர்ட் மாற்றிக் கொடுத்தது. கேஸ்காரரே, இனி கேஸ் லீக் ஆகாது என்று வக்கீல் தோளில் தட்டினார். குளிர்காலம் கேஸ்காரருக்கு வேலையில்லாத காலம். மகளுக்கு லீவு. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? முதலிலேயே இதைக் கேட்கத் தெரியாமல் போன தன் புத்தியைத் தானே ஏசிக்கொண்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினார். நாட்களை எண்ணி அறியாதவர் எண்ண ஆரம்பித்தார்.

நர்ஸே கூட்டிவந்து, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, எதிர் ரயிலில் திரும்பினாள். மகள் வீட்டுக்குள் நுழைந்து ஸ்வெட்டரைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் சாக்ஸைக் கழற்றினாள். முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. கேஸ்காரரின் ஊரில் குளிர்காலம் என்பது காலண்டரில் மட்டும்தான். தெருக்காரர்களுக்கு இதமாக இருந்த காற்று அவளுக்கு அனல். இரண்டாம் நாள் எதுவும் சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்த கேஸ்காரருக்கு அந்தப் பழைய ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்தது. அன்றைக்கு எடுக்காத போன் இப்போது அவர் காதுக்குள் அடித்தது.

பரணிலிருந்து டூல் பையை இறக்கினார். எங்கெங்கோ கழற்றிப் போட்ட பழைய பாகங்களைச் சேர்த்து, சாயங்காலத்துக்குள் அந்த அறையில் ஒரு ஏசியை மாட்டிவிட்டார். ஊரெல்லாம் மின்விசிறியையே நிறுத்தி வைக்கும் மாதத்தில் கேஸ்காரர் வீட்டில் ஏசி ஓடுகிறது என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். மகள் எழுந்து உட்கார்ந்தாள், பசிக்கிறது என்றாள். அறை அவள் ஊர் மாதிரி ஆகிவிட்டதாகச் சொன்னாள். வாழ்க்கையில் தான் மாட்டிய ஏசிகளிலேயே உருப்படியானது இதுதான் என்று கேஸ்காரர் நினைத்தார்.

அவள் அறையிலேயே இருந்தாள். படித்தாள், வரைந்தாள், அம்மாவுடன் போனில் பேசினாள். போனில் நீ, வா, போ எல்லாம் தாராளமாக வந்தன. கேஸ்காரரும் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பார்த்தார். வெயிலிலேயே காய்ந்த உடம்பு, அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கு ஒழுகியது, இருமல் பிடித்தது, முதுகெலும்பு வரை நடுங்கியது. சால்வையைப் போர்த்திக்கொண்டும் பல் தந்தியடித்தது. பழைய யூனிட்டைக் கழற்றிக் காட்டட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றாள், மரியாதையாக. வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவார், மறுபடி போவார், மறுபடி வருவார். நாலாம் தரம் கதவைத் திறந்தபோது அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு ஒத்துக்கலைன்னா வெளியவே இருங்கப்பா, பரவால்ல. கதவ மட்டும் சாத்தியே வைங்க. கூலிங் போயிடும்."

அதே தலையாட்டல். அச்சு அசல். ஆனால் இது விளையாட்டில்லை, அந்த விளையாட்டு அவளுக்கு நினைவிருக்கிறதா என்றும் தெரியவில்லை. கேஸ்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

அதன்பிறகு அவர் இடம் பின்கட்டு. அவுட்டோர் யூனிட் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். கம்ப்ரஸர் நின்றால், அறை குளிர்ந்துவிட்டது, பிள்ளை சுகமாக இருக்கிறாள். ஓடினால், கதவு திறந்திருக்கிறது, தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறாள். அப்போது எழுந்து உள்ளே போவார். கூடத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். கோர்ட் கோர்ட்டாக ஏறி வாங்கிய பாதி லீவு இப்படிக் கழிந்தது. தாழ்ப்பாள் போடாத கதவுதான். யாரும் தடுக்கவில்லை, எந்த உத்தரவும் குறுக்கே நிற்கவில்லை, எந்த ஊர்க் கோர்ட்டிலும் இதற்கு மனு போட முடியாது. மனிதர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, யூனிட் கக்கும் சூட்டுக் காற்றில் சால்வையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் நாளில் இருவரும் நேரம் போனது தெரியாமல் தூங்கிவிட்டு, அரக்கப் பரக்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். நர்ஸ் முந்திய வண்டியிலேயே வந்து காத்திருந்தாள். கேஸ்காரர் ரயிலுக்குள் ஏறி, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணீர் பாட்டிலை ஜன்னலோரம் வைத்து, மறுபடி பெட்டியை இழுத்து வேறு மாதிரித் தள்ளினார். இறங்க மனம் வரவில்லை. விசில் ஊதிவிட்டது. வண்டி அசைந்தது.

"அய்யோ, இறங்குப்பா" என்று மகள் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "வண்டி கிளம்பிடுச்சு, போப்பா, விழுந்து வைக்காத."

குதித்து இறங்கிவிட்டார். வண்டி போன பிறகும் பிளாட்பாரத்திலேயே நின்றார். இறங்குப்பா. போப்பா. விழுந்து வைக்காத. பதற்றத்தில் மரியாதை மறந்துபோயிருந்தது. முதுகில் அந்தக் கை பட்ட இடம் இன்னும் சூடாக இருப்பதுபோல் இருந்தது. தண்ணீர் பாட்டில் விற்கிறவர் வேண்டுமா என்று கேட்டதற்கு, இல்லை, என் பொண்ணு ஊருக்குப் போகுது என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாசலைத் திறந்தபோதே காதில் விழுந்தது. பின்கட்டில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அவள் ஏசியை நிறுத்த மறந்திருந்தாள். காலையிலிருந்து, ஆளில்லாத அறையில். எத்தனை வீடுகளில் இதற்காக எத்தனை பேரை அவர் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்.

அறைக் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. கசங்கிய விரிப்பு, தரையில் ஒரு ஒற்றைச் சாக்ஸ், கட்டிலோரம் சீவிப் போட்ட பென்சில் தூள். ரிமோட் தலையணைமேல் கிடந்தது. அவர் அதை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, கூலிங் போய்விடாமல், கதவைச் சாத்திக்கொண்டார்.